வெயிலில் ஓடுபவர்களுக்கு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பங்குனி முடிந்து சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வேலூர் மைதானத்தில் வருடா வருடம் அதே புகார்கள்தான். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் பழகும் பையன்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். சர்க்கரைக்காக நடக்க வரும் பெரியவர்கள் கிறுகிறுப்பு என்பார்கள். லீவுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலம் நாலு மணிக்கே பந்தோடு இறங்கி, ஐந்து மணிக்கு வாந்தி எடுப்பார்கள். இவற்றையே திரும்பத் திரும்பக் கவனித்ததில் உருவான வரிசை இது.

உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியது கடைசியில் வரும். முதல் இரண்டு தலைப்புகளை மட்டும் இப்போதே, நிதானமாக இருக்கும்போதே படித்து வைத்துவிடுங்கள். அவை தேவைப்படும் நேரத்தில் படித்துக்கொண்டிருக்க அவகாசம் இருக்காது.

## எந்தப் புகாராக இருந்தாலும் முதல் சோதனை

இரண்டே கேள்விகள். ஒன்று, பேச்சு. "இன்னிக்கு என்ன கிழமை? காலையில என்ன சாப்பிட்டே? இங்க யார் கூட வந்தே?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வருகிறதா, தெளிவாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டு, நடை. பத்து அடி நேராக நடந்து திரும்பி வரச் சொல்லுங்கள்.

பதில் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வழக்கமாகச் சாதுவானவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், நடை தள்ளாடினால் வேறு எதையும் ஆராய வேண்டாம். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் நிழலில் உட்கார வைத்து, உரிய தலைப்பைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்விகளை இன்னொரு முறை கேளுங்கள். முதலில் தெளிவாகப் பேசியவர் பிறகு குழம்புவதும் உண்டு.

## உளறுகிறார், தள்ளாடுகிறார், ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார்

இந்த ஒரு தலைப்பில் மட்டும் எளிய காரணத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. மோசமானதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

### மூச்சு இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை விக்கி இழுக்கிறது

இதயம் நின்றிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் போகும்படி அழுத்த வேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

### மூச்சு இருக்கிறது, புத்தி தடுமாறுகிறது

வெயிலில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு இப்படி ஆனால் ஹீட் ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையைத் தொட்டுவிட்ட நிலை அது. எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருக்கிறார் என்பதுதான் பிழைப்பதையும் உறுப்புகள் தப்பிப்பதையும் முடிவு செய்கிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட வேண்டும்.

நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது ஆளைத் தூக்கி ஆட்டோவில் போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிக்னலில் நின்று, வரிசையில் காத்திருந்து, ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து பார்ப்பதற்குள் அந்த அரை மணி நேரம் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை மைதானத்திலேயே குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், அப்புறம்தான் ஏற்றிச் செல்லுதல். இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

நாங்கள் செய்து பழகி வைத்திருக்கும் முறை இது. நிழலில் ஒரு தார்ப்பாயை விரிக்கிறோம். சட்டை, ஷூ, சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆளை அதன் நடுவில் படுக்க வைக்கிறோம். நான்கைந்து பேர் சுற்றி நின்று விளிம்புகளைத் தூக்கிப் பிடித்தால் தார்ப்பாய் ஒரு தொட்டியாகிவிடும். அதில் 20 லிட்டர் கேன் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்து, கிடைத்த ஐஸ் கட்டியையும் கொட்டுகிறோம். ஐஸ் எங்கே கிடைக்கும் என்று அப்போது தேட முடியாது. பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு அக்குள்களுக்கும் கீழே கைகொடுத்து முகத்தைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருப்பார். விளிம்பைப் பிடித்தவர்கள் மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நிற்கும் தண்ணீரில் உடம்பை ஒட்டிய பகுதி சீக்கிரம் சூடேறிவிடும்.

தார்ப்பாய் இல்லையா? கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, தலை, நெஞ்சு எல்லாவற்றிலும் ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டுகளைப் போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒருவர் விசிறிக்கொண்டே இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் மோட்டார் போட்டு ஹோஸ் பைப்பால் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். எது கிடைக்கிறதோ அதை உடனே ஆரம்பிப்பதுதான் முக்கியம்.

கூடாதவை சில. குழம்பியிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாரசிட்டமால் கொடுக்க வேண்டாம். இது காய்ச்சல் சூடு இல்லை, மாத்திரைக்கு இறங்காது. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். "வியர்வை கொட்டுதே, ஹீட் ஸ்ட்ரோக்னா உடம்பு வறண்டுதானே இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். சும்மா இருந்தே வெப்பத்தில் விழும் முதியவர்களுக்குத் தோல் வறண்டிருப்பது உண்டு. ஓடி விழுபவர்கள் பெரும்பாலும் வியர்வையில் குளித்துத்தான் இருப்பார்கள். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரையும் நெற்றிக்கு நேரே காட்டும் கருவியையும் நம்ப வேண்டாம். உள்சூடு ஏறியிருக்கும்போதும் அவை குறைவாகக் காட்டும்.

தெளிவாகப் பேச ஆரம்பித்து, உடம்பு நடுங்கத் தொடங்கினால் தண்ணீரிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறேன்" என்று அவரே சொன்னாலும் விடக் கூடாது. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனையில் முழுதாகத் தெரியும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

### சர்க்கரை நோயாளி, உடம்பு சில்லென்று வியர்த்து, குழப்பமாக இருக்கிறார்

இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்திருக்கலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதுவும் வேண்டாம், 108தான்.

## ஓட்டம் முடிந்து நின்றதும் கண் இருட்டுகிறது

ஓடும்போது விழுவதற்கும் நின்றபின் விழுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இது பெரும்பாலும் சாதாரணம்.

சட்டென்று நின்றது. ஓடும்போது கால் சதைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. கோட்டைத் தொட்டதும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். படுக்க வைத்து, கால்களை ஒரு அடி உயரத்தில் வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் திரும்பிவிடும். இனிமேல் ஓட்டம் முடிந்ததும் ஐந்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

வெறும் வயிறு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் காலை ஐந்தரைக்கு ஒரு கடுங்காப்பியோடு ஓடுகிறார். புறப்படும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்.

மாத்திரை. பிபிக்காக எடுப்பவற்றில் சில சிறுநீரைக் கூட்டும். சில இதயத் துடிப்பை ஏறவிடாது. சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போய் "வெயில் காலத்தில் காலையில் நடக்கிறேன், அளவோ நேரமோ மாற்ற வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தசோகை. பெண் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

இதயம். மயக்கம் ஓடும்போதே வந்தது, படபடப்புக்குப் பிறகு வந்தது, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்கள் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்கும்வரை ஓட்டம் வேண்டாம்.

## கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது

முதலில் பிடிப்பை விடுவியுங்கள். கீழே உட்கார்ந்து முழங்காலை நீட்டி, கால் விரல்களை உடம்பை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடிக்கவும். சதை தளரும்வரை அப்படியே வைத்திருக்கவும். நண்பர்கள் ஓடிவந்து குத்துவதும் முறுக்குவதும் சதையைக் கிழிக்கத்தான் செய்யும்.

அப்புறம் காரணம். பிடிப்பு வந்தாலே "தண்ணி குடிக்கலை" என்று சொல்வது வழக்கம். நான் பார்த்தவரை முதல் காரணம் பழகாத வேகம்தான். தேர்வுத் தேதி அறிவித்ததும் ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும், கடைசிச் சுற்றில் மட்டும் பிடித்தால் பெரும்பாலும் அதுதான். வேகத்தைக் குறைத்து ஒரு வாரம் பாருங்கள்.

தொடை, வயிறு, விரல்கள் என்று இடம் மாறி மாறிப் பிடித்தால் உப்பைச் சந்தேகியுங்கள். இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கறுப்பு அல்லது கருநீல டீசர்ட்டில் ஓடிவிட்டு அதைத் துவைக்காமல் நிழலில் காயவிடுங்கள். முதுகிலும் அக்குள் ஓரத்திலும் அலை அலையாக வெள்ளைக் கோடுகள் படிந்து, தொட்டால் மொரமொரப்பாக இருந்தால் உங்கள் வியர்வையில் உப்பு அதிகம் போகிறது. தொப்பியின் பட்டையிலும் அதே கோடு தெரியும். இப்படிப்பட்டவர் எவ்வளவு வெறும் தண்ணீர் குடித்தாலும் பிடிப்பு நிற்காது. ஓட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட மோர், உப்புப் போட்ட நீராகாரம், அல்லது ஓஆர்எஸ் குடிக்க வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டுமே ஈடுகட்டாது. பிபி, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இளநீரும் கேட்காமல் வேண்டாம்.

டாக்டரிடம் போக வேண்டிய இடங்கள்: ஓஆர்எஸ் குடித்து ஒரு மணி நேரமாகியும் உடம்பெங்கும் பிடிப்பு விடவில்லை, ஒரே கால் வீங்கி, சூடாக, நாள் கணக்கில் வலிக்கிறது, பிடிப்போடு சிறுநீர் கறுத்துப் போகிறது. இந்தக் கடைசி விஷயத்துக்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

## தலைவலி, குமட்டல், வாந்தி

இங்கேதான் எல்லோரும் தண்ணீரைக் கொண்டு ஓடுகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் அது சரிதான். தவறாகப் போகும் சிலருக்கு அது ஆபத்து. அதனால் முதலில் எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும்.

எடை மெஷின் இருந்தால் வேலை சுலபம். புறப்படும் முன் ஒருமுறை, திரும்பியதும் ஈர உடையைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. 60 கிலோ ஆள் 1.2 கிலோ இழந்தாலே, அதாவது எடையில் 2 சதவீதம் போனாலே, உடம்பு தடுமாற ஆரம்பித்துவிடும்.

### எடை குறைந்திருக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, சிறுநீர் அடர் மஞ்சள்

தண்ணீர்ப் பற்றாக்குறையும் களைப்பும். நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துண்டு போட்டு, ஓஆர்எஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் அப்படியே வெளியே வரும்.

ஓஆர்எஸ் கலப்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் போடுவதும், ருசிக்குச் சர்க்கரை சேர்ப்பதும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு சமாச்சாரம். பொட்டலம் கிடைக்கவில்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதற்கு மேல் உப்புப் போடாதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் டிரிப்ஸ் தேவைப்படும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். வழியில் பேச்சு குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் தலைப்புக்கு மாறிவிட்டது.

### எடை குறையவில்லை, கூடியிருக்கிறது, மோதிரம் இறுக்குகிறது, சிறுநீர் தண்ணீராகப் போகிறது

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். முக்கால் மணி நேரம் ஓடுபவருக்கு இது வருவதில்லை. அரை மாரத்தான், முழு மாரத்தான், மணிக்கணக்கில் நடப்பவர்கள், ஒவ்வொரு ஸ்டாலிலும் இரண்டு டம்ளர் என்று குடிப்பவர்களுக்கு வரும். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் குடி" என்பதுதான் இங்கே நிலைமையை மோசமாக்கும். தலைவலி கூடினால், வாந்தி தொடர்ந்தால், குழப்பமோ வலிப்போ வந்தால் ஆஸ்பத்திரி. அங்கே "நிறையத் தண்ணீர் குடித்தார், எடை கூடியிருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர்கள் சோடியம் பார்த்துவிட்டுத்தான் டிரிப்ஸை முடிவு செய்ய வேண்டும்.

### இரண்டும் இல்லை

பொங்கலும் வடையும் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஓட வந்தாரா, ராத்திரி குடித்தாரா, தூங்கவில்லையா, ஒற்றைத் தலைவலிக்காரரா என்று கேளுங்கள். முந்தின இரவு மது குடித்தவர், கடந்த சில நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தவர், இரவு முழுக்கத் தூங்காதவர் அன்றைக்கு ஓடவே கூடாது. நல்ல உடல்வாகுள்ள இளைஞர்கள் விழுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும்.

## பழைய வேகம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது

ஜனவரியில் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கிலோமீட்டர் ஓடியவர் மே மாதம் ஆறு நிமிடம் எடுத்தால் அவரிடம் எந்தக் குறையும் இல்லை. தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் வேண்டும், காலுக்கும் ரத்தம் வேண்டும். இதயம் இரண்டு வேலை பார்க்கிறது. வாட்ச்சில் கிலோமீட்டர் வேகத்தைப் பார்ப்பதை வைகாசி முடியும்வரை விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் நடங்கள்.

நேரம். இதுதான் முதலில் மாற்ற வேண்டியது, காசும் ஆகாது. அக்கினி நட்சத்திர நாட்களில், அதாவது ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை, எங்கள் பக்கம் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்த மாதிரி தெரியும். ஆனால் தார் ரோடும், சிமெண்ட் கேலரியும், செயற்கை ஓடுதளமும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்போதுதான் விட்டுக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அங்கே இன்னும் பயிற்சி நேரம் வரவில்லை.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கதை வேறு. அங்கே காலையில் வெயில் குறைவாக இருக்கும், புழுக்கம் மிக அதிகம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் 29 காட்டுகிறது என்று நம்பி வழக்கமான தூரம் போகக் கூடாது. கடற்காற்று வரும் பக்கமாக ஓடுங்கள், தூரத்தைக் குறையுங்கள்.

பழக்கம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் இருபது நிமிடம், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பெங்களூரில் ஏசி ஆபீசில் இருந்துவிட்டு சனிக்கிழமை ஊருக்கு வந்து, ஞாயிறு காலை பழைய நண்பர்களோடு பத்து கிலோமீட்டர் கிளம்புகிறவர்கள் எனக்கு மிகுந்த கவலை தருகிறார்கள். நண்பர்கள் பழகியிருப்பார்கள், இவர் பழகியிருக்க மாட்டார்.

உடை. எடை குறைக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் ஜாக்கெட்டோ ரெயின்கோட்டோ போட்டுக்கொண்டு ஓடும் பையன்களை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். அதில் குறைவது தண்ணீர் மட்டும்தான், கொழுப்பு இல்லை. சூடு வெளியேற இருக்கும் ஒரே வழியையும் அது அடைத்துவிடுகிறது. தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உரம் ஏறும் என்பதும், தண்டனையாக மதிய வெயிலில் சுற்று ஓடவிடுவதும் இதே வகைதான். பயிற்சியாளர்கள் இதை விட்டுவிட வேண்டும்.

நேரம், வேகம், பழக்கம் எல்லாம் சரிசெய்து இரண்டு வாரம் ஆகியும் படபடப்பு குறையவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் ட்ரபிள் என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

## சிறுநீரில் மாற்றம்

அடர் மஞ்சள், குறைவான அளவு. தண்ணீர் போதவில்லை. வெளிர் மஞ்சளாகும்வரை நாள் முழுக்கப் பரவலாகக் குடியுங்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நீர்க்கடுப்பு. பெரும்பாலும் அதே காரணம்தான். மோர், தண்ணீர், பார்லிக் கஞ்சி குடித்து அன்றைக்கு ஓய்வெடுத்தால் சரியாகும். மறுநாளும் எரிந்தால், காய்ச்சலோ குளிரோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். கிருமித் தொற்றாக இருக்கலாம். விலாவிலிருந்து கீழே இறங்கும் வலி என்றால் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள்.

கோலா நிறம், கட்டங்காப்பி நிறம். கூடவே தொடையோ கையோ தாங்க முடியாமல் வலித்து, வீங்கி, விறைத்திருந்தால் சதை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். நாள்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தண்டால், பஸ்கி எடுப்பவர்களுக்கும் இது வரும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், சிகே, கிரியாட்டினின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: உடம்பு வலிக்கிறது என்று ஓடுவதற்கு முன்போ ஓடிய கையோடோ ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட வேண்டாம். தண்ணீர் குறைந்திருக்கும் உடம்பில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும்.

## தோலும் பாதமும்

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்புவதைவிட, ஓடி முடித்ததும் ஈர உடையை மாற்றிக் குளித்து, காற்றாட இருப்பதுதான் மருந்து. அரித்தால் கேலமைன் லோஷன். சீழ் வைத்தால் டாக்டர்.

தொடை உராய்வுக்கு ஓடும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலைனோ தடவுங்கள். உள்ளே இறுக்கமான அரைக்கால் டிராயர் போட்டால் இன்னும் நல்லது. வளையமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போட்டால் அடங்குவது போலிருந்து பரவும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள் வெறுங்காலில்தான் நடப்பார்கள். பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகு கிளம்புங்கள். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் சுத்தம் செய்து மூடி வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் சின்னக் கொப்புளம் வந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

## ஒருமுறை விழுந்தவர் மறுபடி எப்போது ஓடலாம்

நின்றபின் கண் இருட்டியவர், சாதாரணப் பிடிப்பு வந்தவர் ஒன்றிரண்டு நாளில் திரும்பலாம். வாந்தி, கடும் களைப்பு வந்தவர் எடையும் சிறுநீர் நிறமும் பழையபடி ஆகும்வரை, குறைந்தது இரண்டு நாள் இருக்கட்டும்.

ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சரியானதும், டாக்டர் அனுமதித்த பிறகு, முதலில் குளிர்ந்த நேரத்தில் மெதுவான நடை. பிறகு இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தையும் வெயிலையும் கூட்டலாம். தேர்வுத் தேதி நெருங்குகிறது என்று வீட்டிலும் அவசரப்படுத்துவார்கள், பையனும் அவசரப்படுவான். அவனை அந்த வாரம் மைதானத்துக்கு வரச் சொல்லி, ஸ்டாப்வாட்ச்சைக் கையில் கொடுத்து நிழலில் உட்கார வையுங்கள். முதல் மாதம் தனியாக எங்கும் ஓடவிடாதீர்கள். கூட ஓடுகிறவருக்குத் தார்ப்பாய் எங்கே இருக்கிறது, ஐஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.